சிற்றில்லத்துச் சிறுகலங்கள்

நாட்டு வரலாற்றை எழுதப் புகுந்தோர் அரசர்தம் போர்களையும் கொடைகளையும் எழுதினர். கல்வெட்டும் செப்பேடும் அவர்களுக்குத் துணை நின்றன. கோயிலில் ஒரு விளக்கு எரிய எத்தனை ஆடுகள் விடப்பட்டன என்பது வரை இன்று நமக்குத் தெரியும். ஆனால் அந்த ஆடுகள் தந்த நெய்யை உருக்கிய சட்டி எவ்வடிவில் இருந்தது, அதைக் கிளறிய அகப்பையின் காம்பு எத்தனை விரற்கடை நீளம் என்று கேட்டால் விடை கூறுவார் அரியர். அடுக்களைக்குக் கல்வெட்டு இல்லை.

இதற்குக் காரணம் வரலாற்றாசிரியரின் அலட்சியம் மட்டுமன்று. அடுக்களைப் பொருள்கள் புழங்குவதற்கென்றே பிறந்தவை. புழங்கித் தேய்ந்து போவதே அவற்றின் இயல்பு. மண்சட்டி உடைகிறது. மர அகப்பை கருகிப் போய் இறுதியில் அடுப்புக்கே விறகாகிறது. இரும்பு துருவேறுகிறது. பித்தளையும் செம்பும் ஓட்டை விழுந்ததும் எடைக்குப் போய், உருக்கப்பட்டு வேறொரு பாத்திரமாகத் திரும்புகின்றன. மன்னனின் வாள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவனுக்குச் சோறு வடித்தவளின் கரண்டி இல்லை.

அப்படியானால் முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சமையலறையை அதன் எல்லாக் கலங்களுடனும் காண வழியே இல்லையா? உண்டு. அதைக் காட்டுபவை பேரறிஞர் நூல்கள் அல்ல. சிறுமியர் விளையாட்டுப் பொருள்கள்.

சிற்றில் என்னும் சொல் தமிழர்க்குப் புதிதன்று. கடற்கரை மணலில் சிறுவீடு கட்டிச் சிறுசோறு சமைத்து விளையாடிய பெண்களைச் சங்கப் பாடல்கள் நமக்குக் காட்டுகின்றன. தம் சிற்றிலைச் சிதைக்க வேண்டாமென்று கண்ணனிடம் வேண்டும் சிறுமியர் குரலில் ஆண்டாள் ஒரு பதிகமே பாடினாள். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் ஒரு பருவமாகவே அமைந்தது. ஆனால் நம் சிற்றில்கள் மணலால் ஆனவை. மாலை அலைக்கு முன் நில்லாதவை. பாட்டில் மட்டுமே அவை நிலைத்தன. ஐரோப்பாவிலோ செல்வர் தம் சிற்றில்களை மரத்தால் செய்தனர். அவற்றுள் வெள்ளியாலும் செம்பாலும் வெள்ளீயத்தாலும் பீங்கானாலும் ஆன கலங்களை, உண்மைப் பொருளின் அளவைச் சீராகச் சுருக்கிச் செய்து வைத்தனர். தாய் மகளுக்கும் மகள் தன் மகளுக்குமாகக் கைமாறி வந்த அப்பொம்மை வீடுகள் சில இன்றும் உள்ளன. மெய்யான வாணலி தேய்ந்து மறைந்தது. எண்ணெயே காணாத சிறு வாணலி, பயனற்றது என்னும் ஒரே தகுதியால் பிழைத்துக் கிடக்கிறது.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பது ஜெர்மனியின் மூனிக் நகரம். பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1558ஆம் ஆண்டளவில் ஒரு பொம்மை மாளிகையைச் செய்வித்தார். மகளுக்காகச் செய்வித்தார் என்பர். ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் கோமகனின் கலைப்பொருட் கூடம். குழந்தையின் பெயரால் வாங்கிப் பெரியவர்கள் வைத்துக்கொள்வது அன்றும் இருந்தது போலும். சமையலறை, குதிரை லாயம், குளியலறை, வழிபாட்டறை எனப் பலவும் கொண்ட அம்மாளிகை அடுத்த நூற்றாண்டில் தீக்கிரையாயிற்று. இன்று அதில் ஒரு கரண்டி கூட எஞ்சவில்லை. ஆயினும் அதில் என்னென்ன இருந்தன என்பதை நாம் அறிவோம். ஏனெனில், 1598இல் ஃபிக்லர் என்னும் அலுவலர் அக்கூடத்துப் பொருள்களையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியல் எழுதினார். அதில் இப்பொம்மை மாளிகையும் அறை அறையாக இடம்பெற்றது. மாளிகை எரிந்தது, பட்டியல் இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் நாற்காலிகளையும் மேசைகளையும் எண்ணி எண்ணிக் கையெழுத்திட்டு அலுத்துப்போன என் போன்ற எழுத்தர்கள் இச்செய்தியைப் படிக்கும்போது சற்றே நிமிர்ந்து உட்கார்வதில் வியப்பில்லை.

கோமகனின் வியப்புப் பொருளாக இருந்த பொம்மை வீட்டை இல்லத்துக்குரிய பாடநூலாக்கியவர்கள் நூரம்பெர்க் நகரத்தார். அது கைவினைஞர் நகரம். தட்டார், செம்பு வேலைக்காரர், தச்சர், வெள்ளீயம் வார்ப்போர் நிறைந்த இடம். அங்கு அன்னா கோஃபெர்லின் என்னும் பெண்மணி பெரியதொரு பொம்மை வீட்டைச் செய்வித்து, காசு பெற்றுக்கொண்டு ஊரார்க்குக் காட்டினார். 1631இல் அவ்வீட்டின் படத்தோடு செய்யுளும் சேர்த்து ஒரு துண்டறிக்கையும் அச்சிட்டார். சிறுவர் சிறுமியர் இதனை உற்று நோக்கி, ஓர் இல்லத்தில் எப்பொருள் எங்கே இருக்க வேண்டும், அதனை எப்படி ஆள வேண்டும் என்று கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அச்செய்யுளின் கருத்து. இந்த வீடும் போயிற்று. தாள் மட்டும் எஞ்சியது. ஆனால் அதற்கு எட்டாண்டு பிற்பட்ட, 1639ஆம் ஆண்டைச் சேர்ந்த பொம்மை வீடொன்று, ஸ்ட்ரோமர் குடும்பத்தின் பெயரால் வழங்குவது, அந்நகரத்து ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. நூற்றுக்கணக்கான சிறுகலங்கள் அதிலுண்டு. சுவரில் வரிசையாகத் தொங்கும் தட்டுகளையும், திறந்த அடுப்பின்மேல் கூண்டு போன்ற புகைபோக்கியையும் காண்போர், பதினேழாம் நூற்றாண்டின் மெய்யான அடுக்களைக்குள் தலையை நீட்டிப் பார்த்தவராகின்றனர்.

முழு வீடு செய்விக்க வசதியில்லாதோர் சமையலறையை மட்டும் தனியாகச் செய்வித்தனர். மேற்கூரையும் முன்சுவரும் இல்லாத ஒற்றை அறை, நடுவே அடுப்பு, மூன்று பக்கமும் மாடங்கள், மாடமெல்லாம் பாத்திரம். இதற்கு நூரம்பெர்க் அடுக்களை என்றே பெயர். பல குடும்பங்களில் இது ஆண்டு முழுவதும் பெட்டிக்குள் உறங்கும். கிறிஸ்துமஸ் பண்டிகையின்போது வெளியே வரும். சிறுமியர் சில வாரங்கள் விளையாடுவர். பின்னர்த் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவர். நவராத்திரிக்குக் கொலுப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவோர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆண்டுக்குச் சில நாளே கைபட்டதனால் அல்லவா அவை இரு நூற்றாண்டு, முந்நூற்றாண்டு நிலைத்தன!

ஆனால் இச்சான்றுகளை ஆள்வோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். கைமாறி வந்த பொம்மை அடுக்களை ஒரே காலத்தைக் காட்டுவதில்லை. பாட்டி வைத்துச் சென்ற செம்புச் சட்டிக்குப் பக்கத்தில் தாய் வாங்கிய பற்சிப்பிப் பூச்சுக் கிண்ணம் இருக்கும். அதனருகே பேத்திக்கு வந்த தகரக் கெண்டி இருக்கும். வீட்டில் மூடிய இரும்பு அடுப்பு வந்து பல்லாண்டு ஆன பின்னும் பொம்மை அடுக்களையில் திறந்த அடுப்பே எரிவது போல் நிற்கும். எந்த ஆண்டின் நிலை இது என்று கேட்டால் பொம்மை வீடு விடை கூறாது. எந்தெந்தத் தலைமுறை இதனைத் தொட்டது என்றே கூறும்.

ஆலந்து நாட்டிலோ பொம்மை வீடு சிறுமியரைவிட்டு நீங்கிச் செல்வச் சீமாட்டியர் கைக்குப் போயிற்று. ஆம்ஸ்டர்டாம் நகரில் பட்டு வணிகர் ஒருவரை 1686இல் மணந்த பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்பார், அவ்வாண்டளவில் தொடங்கி இருபது ஆண்டுக்கும் மேலாக ஒரு பொம்மை வீட்டை நிரப்பிக்கொண்டே இருந்தார். ஆமையோடு பதித்த பேழைக்குள் அமைந்த அவ்வீடு இன்று ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் பெருமைகளுள் ஒன்று. அதற்கு ஆன செலவு இருபதினாயிரம் முதல் முப்பதினாயிரம் கில்டர் வரை என்று கணக்கிடுவர். அத்தொகைக்கு அந்நாளில் அந்நகரின் கால்வாய்க் கரையில் மெய்யான வீடே வாங்கியிருக்கலாம். அதில் கருத்திற்கொள்ளத்தக்கது சமையலறைகள் இரண்டு என்பது. ஒன்று சமைப்பதற்கு, மற்றொன்று சீனப் பீங்கான்களை அடுக்கி விருந்தினர்க்குக் காட்டுவதற்கு. மேல்தளத்தில் துணி உலர்த்தும் அறையும் உண்டு. கூடத்து ஓவியங்களை மட்டும் அன்றி, துணி உலர்த்தும் கொடிகளையும் இத்தனை சிரத்தையோடு செய்வித்த அவ்வம்மையாரிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு. சாரா ரோத்தே என்னும் மற்றோர் ஆலந்துச் சீமாட்டி 1743இல் பழைய பொம்மை வீடுகளை ஏலத்தில் எடுத்து இரண்டாகத் திருத்தியமைத்ததோடு, எதை எங்கே வைத்தேன் என்று குறிப்பும் எழுதி வைத்தார்.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் அப்பார்க் என்றொரு பெருமாளிகை உளது. அங்கு மணமகளாக வந்த சாரா லெதியூலியர், 1730களில் செய்யப்பட்ட தம் பொம்மை வீட்டையும் சீதனத்தோடு கொண்டுவந்தார். ஒன்பது அறைகள்; வெள்ளிக் கலங்கள்; கீழே சமையலறை. 1989 ஆகஸ்டு 30ஆம் நாள் அம்மாளிகையே தீப்பற்றி எரிந்தபோதும் இப்பொம்மை வீடு காப்பாற்றப்பட்டது. இவ்வீட்டில் கலங்களைவிட என் நெஞ்சில் தைத்தவை அங்குள்ள பாவைகள். வீட்டு உரிமையாளர் குடும்பத்துப் பாவைகளுக்கு மெழுகாலான முகம். ஏவலாளர் பாவைகளுக்கு மரத்தாலான முகம். மெழுகு முகத்தில் நிறமும் சாயலும் உண்டு. மர முகத்தில் கண்ணும் வாயும் எழுதப்பட்டிருப்பதே மிகுதி. செய்தவர் இதில் கொடுமை எதுவும் எண்ணியிருக்க மாட்டார். எண்ணாமலே செய்தார் என்பதே இதன் வரலாற்று மதிப்பு. உலகம் எப்படிப் பகுக்கப்பட்டிருக்கிறது என்பதை ஐந்து வயதுச் சிறுமி எழுத்தறியும் முன்னரே விரலால் அறிந்துகொள்கிறாள்.

இதே அப்பார்க்கில் 1880 முதல் பதின்மூன்று ஆண்டுகள் இல்லப் பணியாளர்களின் தலைவியாக இருந்தவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸின் தாயார். வெல்ஸ் 1909இல் வெளியிட்ட ‘டோனோ பங்கே’ என்னும் புதினத்தில் இம்மாளிகையைப் பெயர் மாற்றி அமைத்துள்ளார். அதில் பணியாளர் தலைவியின் மகன், மாளிகைக் குழந்தையின் தயவால், பெரிய பொம்மை வீட்டருகே அடக்க ஒடுக்கமாக விளையாட இடம் பெறுகிறான். அச்சிறுவன் கையில் எடுத்தவை மெழுகுப் பாவைகளோ மரப்பாவைகளோ, எதுவாயினும் அவ்வீட்டின் அடித்தளச் சமையலறையில் தன் தாயின் இடம் எது என்பதை அவன் அறிந்தே இருந்திருப்பான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகின, தகரம் மலிந்தது, செல்வர் வீட்டுச் சிறுகலம் நடுத்தர வீட்டுக்கும் வந்தது. ஜெர்மனியின் கோப்பிங்கன் என்னும் ஊரில் 1859இல் தேயோடோர் மேர்க்ளின் என்னும் தகரக் கொல்லர் பொம்மை அடுக்களைச் சாமான் செய்யத் தொடங்கினார். அவர் மனைவி கரோலின், பெண்கள் தனியே பயணம் போவது அரிதான அந்நாளில், ஊர் ஊராகச் சென்று அவற்றை விற்றார். கணவர் 1866இல் மறைந்த பின்னரும் தொழிலைக் கைவிடாமல் காத்துப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார். இன்று மேர்க்ளின் என்றால் பொம்மை ரயில்தான் எவர்க்கும் நினைவு வரும். அந்த ரயில் 1891இல்தான் வந்தது. அதற்கு முப்பது ஆண்டு முன்னரே சிறுமியரின் அடுப்பு அந்நிறுவனத்துக்குச் சோறு போட்டுவிட்டது. ஆண்பிள்ளை விளையாட்டுக்குக் கிடைத்த புகழ் பெண்பிள்ளை விளையாட்டுக்குக் கிடைக்கவில்லை. சாராய விளக்கால் மெய்யாகவே எரியும் சிற்றடுப்புகள் அக்காலத்தில் பரவின. அவற்றில் சிறுமியர் உண்மையாகவே சமைத்தனர். பொம்மைக்கும் பொருளுக்கும் இடையே இருந்த வேலி அங்கே அறுந்தது. கை சுட்டுக்கொண்டவர் தொகையை எவரும் எழுதி வைக்கவில்லை.

இனித் தலைநகரில் வாழும் நம்மை நெருங்கித் தொடும் பகுதிக்கு வருவோம். புதுதில்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் பெயரை அறியாதார் இங்கில்லை. 1911 டிசம்பர் 12ஆம் நாள் தில்லி தர்பாரில் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என அறிவித்தவர் ஐந்தாம் ஜார்ஜ். உடன் வீற்றிருந்தவர் அரசி மேரி. நகரம் எழும்பத் தொடங்கியது. 1931இல் தொடக்க விழாக் கண்டது. இந்த இருபதாண்டின் நடுவே, 1921 முதல் 1924 வரை, அதே லட்யன்ஸ் அதே அரசிக்காக மற்றொரு மாளிகையையும் வடிவமைத்தார். அதன் அளவு, ஓர் அடிக்கு ஓர் அங்குலம்! அரசி மேரியின் பொம்மை வீடு என்று உலகெங்கும் அறியப்படும் அது, ஏறத்தாழ 1,500 கலைஞர்களும் கைவினைஞர்களும் சேர்ந்து உருவாக்கியது. இங்கே முந்நூற்று நாற்பது அறைகளுக்குக் கல் செதுக்கப்பட்ட அதே ஆண்டுகளில், அங்கே தீக்குச்சி நீளத்துக்குக் கைப்பிடிகள் செதுக்கப்பட்டன. ஒரே மனிதரின் மேசையில் இவ்விரு வரைபடங்களும் அருகருகே கிடந்திருக்கும்.

அந்தச் சிறுமாளிகையில் மின்விளக்கு எரியும். குழாயில் வெந்நீரும் தண்ணீரும் வரும். கழிவறையில் நீர் பாயும். மின்தூக்கிகள் தளந்தோறும் நின்று செல்லும். துணியறையில் சிங்கர் தையல் இயந்திரம்; கிராமபோன் பெட்டி இசைக்கவும் செய்யும். நிலவறைப் புட்டிகளில் மெய்யான மது. நூலகத்தில் ஆர்தர் கானன் டாயில் போன்றோர் இதற்கென்றே எழுதித் தந்த சிறு நூல்கள். 1924இல் வெம்பிளியில் நடந்த பேரரசுப் பொருட்காட்சியில் இதனைக் கண்டோர் பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இன்று இது வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் பல இலட்சம் குடும்பங்களுக்கு மின்விளக்கோ வெந்நீர்க் குழாயோ கிடையாது. அவர்கள் வரிசையில் நின்று, பாவைகளுக்குக் கிட்டிய வசதியை எட்டிப் பார்த்துவிட்டுத் தம் கரி அடுப்புக்குத் திரும்பினர். பொம்மை வீடு பழையதைக் காப்பதோடு நில்லாது, வரவிருப்பதையும் காட்டி ஏங்க வைத்தது.

பின்னர் நேர்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் சுவீடன் நாட்டில் தோன்றிய லுண்ட்பி பொம்மை வீடுகள், சுவரில் மின் இணைப்போடு, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், மின்னடுப்பு ஆகியவற்றைப் பதினெட்டில் ஒரு பங்கு அளவில் குழந்தைகளுக்குத் தந்தன. நெகிழிக் காலம் பிறந்தது. கைவினை குறைந்தது, அழகும் குறைந்தது என்பதே என் எண்ணம். ஆயினும் கைக்கெட்டிய வீடுகள் பெருகின. அதனை இழப்பென்று கூறல் ஆகாது.

லட்யன்ஸ் கட்டிய மாளிகைக்கு நிழல்போல, புதுதில்லியில் எழுத்தர்களுக்கும் வீடுகள் கட்டப்பட்டன. கோல் மார்க்கெட்டைச் சுற்றியிருந்த அக்குடியிருப்புகளிலும், விடுதலைக்குப் பின் எழுந்த சரோஜினி நகர், நேதாஜி நகர் போன்றவற்றிலும் நம்மவர் மூன்று தலைமுறையாக வாழ்ந்துள்ளனர். அவற்றுட் பல அண்மை ஆண்டுகளில் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. அரசியின் மாளிகைக்கு அங்குலப் பிரதி உண்டு. அந்த எழுத்தர் வீட்டு அடுக்களைக்கு யார் பிரதி செய்தனர்? அங்கீட்டியில் கரி மூட்டி, கண்ணெரியச் சாம்பார் வைத்து, தை மாதக் குளிரில் மாவு பொங்காதது கண்டு பாத்திரத்தைப் பழைய கம்பளியால் குழந்தையைப் போலச் சுற்றி மூலையில் வைத்த நம் தாய்மாரின் அடுக்களை அது. ஊரிலிருந்து அம்மியைத் தூக்கி வர இயலவில்லை; ஆட்டுரலை ரயிலில் ஏற்ற இயலவில்லை. சிலர் இங்கே கிடைத்த சில்பட்டாவில் அரைத்துப் பழகினர். ஆட்டுரலையே ஜி. டி. விரைவு வண்டியில் ஏற்றிவிட்ட வீரர் சிலரைப் பற்றியும் கேள்விப்பட்டதுண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை வீடு மாறும் போதெல்லாம் ஏதோ ஒன்று கழிந்தது.

கழியாமல் வந்தது ஒன்று உண்டு. இரும்புப் பெட்டியின் அடியில், பட்டுப் புடவைக்குக் கீழே வைத்து வந்த சொப்புப் பெட்டி. பொருநைக் கரையில் அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறைகளில் மரத்தைக் கடைந்து, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக அரக்கு ஏற்றி, ஓலைப்பெட்டியில் அடுக்கித் தந்த சொப்புச் சாமான்கள் அவை. மண்ணிலும் மாக்கல்லிலும் பித்தளையிலும் சொப்புகள் உண்டு. ஐரோப்பியப் பொம்மை வீட்டுக்கும் நம் சொப்புக்கும் ஒரு பெரும் வேற்றுமை இருக்கிறது. அங்கே வீடு உண்டு, சுவர் உண்டு, சமைப்பதற்குப் பாவை உண்டு, குழந்தை வெளியே நின்று பார்க்கிறது. இங்கே வீடும் இல்லை, பாவையும் இல்லை; கலங்கள் மட்டுமே உண்டு. அவற்றை ஆள்பவள் குழந்தையே. திருகையின் கைப்பிடியை இரு விரலால் பற்றிச் சுழற்றுகிறாள். சுளகை மேலே தட்டி உமி ஊதுகிறாள். பொருளின் உருவத்தோடு அதனை ஆளும் கையசைவும் அதில் பதிந்து வருகிறது. இது அரசி மேரியின் மாளிகையிலும் இல்லாத செல்வம். மெழுகு முகம், மர முகம் என்ற பகுப்புக்கும் இங்கே இடமில்லை. ஆனால் ஆண்பிள்ளை கையில் சிறுதேரும் பெண்பிள்ளை கையில் அடுப்பும் என்ற பகுப்பு நம்மிடத்தும் இருந்தது. அதனை மறைத்துப் பெருமை பேசுதல் முறையன்று.

இப்போது கடைகளில் கிடைக்கும் சொப்புப் பெட்டியில் எரிவாயு அடுப்பும் உருளையும், மிக்சியும் கிரைண்டரும் குக்கரும் நெகிழியில் வருகின்றன. அதில் குறை காண ஒன்றுமில்லை. 1955இல் கோயம்புத்தூரில் தோன்றிய மாவரைக்கும் கிரைண்டர் எத்தனை பெண்களின் தோள்வலியைத் தீர்த்தது என்பதை ஆட்டுரலில் அரைத்தவரே அறிவர். குழலூதிக் கண்கெட்ட அடுப்பை மீண்டும் வேண்டுவோர் அதனருகே உட்கார்ந்திராதவர். ஆயினும் மிக்சிப் பொம்மைக்குக் கையசைவு இல்லை. ஒரு பொத்தானை அழுத்துதல் மட்டுமே. பெயரோ எம்மொழியிலும் ஒன்றே.

பெயரைப் பற்றிச் சொல்லவே இத்தனையும் எழுதினேன். என் ஆச்சியின் சொப்புப் பெட்டி எங்கள் அரசுக் குடியிருப்பில் இருக்கிறது. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் அதை விரும்பி எடுத்து விளையாடியவள். அவள் திருகையைச் ‘சக்கீ’ என்பாள். அம்மியைச் ‘சில்பட்டா’ என்பாள். அவற்றில் தவறில்லை, அவள் வாழும் ஊரின் சொற்கள் அவை. சுளகுக்கும் அகப்பைக்கும் அவளிடம் எந்த மொழியிலும் சொல் இல்லை. ‘இது’, ‘அது’ என்பாள். பொருள் பிழைத்திருக்கையிலேயே பெயர் இறந்துவிடுவதை அங்கே கண்டேன். மூனிக் மாளிகையில் நேர்ந்ததோ இதற்கு நேர்மாறு.

ஆதலால் சென்ற நவராத்திரி விடுமுறையில் ஃபிக்லரைப் பின்பற்றி, அலுவலகப் பதிவேட்டின் முறைப்படியே கட்டமிட்டு, அப்பெட்டிக்கு ஒரு பட்டியல் எழுதினேன். எண், பொருள், பெயர், செய்பொருள், நிலை என ஐந்து பத்திகள். என் தாயார் சொல்ல, மகள் எழுதினாள். திருகை, மரம், சிவப்பு அரக்கு, மேற்கல் தளர்ந்துள்ளது. அம்மியும் குழவியும், மாக்கல், குழவி ஒரு முனை உடைந்தது. சுளகு, பித்தளை. குத்துப்போணி, பித்தளை, பிடி இல்லை. சருவம், பித்தளை, நன்று. அகப்பை இரண்டு, மரம். உரல், உலக்கையின்றி. உலக்கை எங்கே என்று மகள் கேட்க, தம் தங்கை சிறுவயதில் கிணற்றில் போட்டுவிட்டதாகத் தாயார் கூறினார். அதனையும் நிலைப் பத்தியில் எழுதிக்கொண்டாள். இவ்வாறு முப்பத்தொரு பொருள்கள்.

முப்பத்திரண்டாவது பொருள், உள்ளங்கையில் அடங்கும் ஒரு வட்ட மரத்தட்டு. நடுவே ஒரு துளை, ஒரு பக்கம் மட்டும் குட்டைப் பிடி, அரக்கு பச்சை, பிளவில்லை. தாயார் அதைப் பலமுறை திருப்பிப் பார்த்தார். ஆச்சி அதற்கு ஏதோ பெயர் சொல்வாள் என்றார். மகள் பெயர்ப் பத்தியை நிரப்பாமல் விட்டிருக்கிறாள். பொருநைக் கரை ஊர்களில் பிறந்து இம்மலரைப் படிக்கும் மூத்தோர் எவரேனும் அதனை அறிந்திருப்பின், சங்கத்தின் நூலகத்தில் எழுதி வைத்தால் நான் சென்று பெற்றுக்கொள்வேன்.